தூங்க வைப்பீர்களா, மரத்துப்போக வைப்பீர்களா? முன்னாலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தை மாதம் என் அம்மாவுக்கு வயிற்றில் எண்டோஸ்கோப்பி எடுக்கத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்கு நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அது என் வீட்டோடு போகிற விஷயமும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு 74 வயது. ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, மேல்வயிற்றில் எரிச்சல், இரண்டு நாள் மலம் கறுப்பாகப் போனது. டாக்டர் பார்த்துவிட்டுக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார். அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மயக்க ஊசி போட்டுத்தான் பாட்டி செய்வோம், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று டாக்டர் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், அதை நான் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அம்மாவை உள்ளே கூட்டிப் போனார்கள், நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளேயிருந்து குமட்டுகிற சத்தம். ஒரு தடவை இல்லை, விடாமல். கட்டில் ஆடுகிற சத்தம், "அசையாதீங்க பாட்டி, கையை எடுங்க, கையை எடுங்க" என்று நர்ஸ் குரல், அதற்கு நடுவே வாயில் எதையோ வைத்துக்கொண்டு கத்தினால் வருமே, அந்த மாதிரி அம்மாவின் குரல். நான் எழுந்து கதவருகே போய்விட்டேன். தட்டலாமா, தட்டினால் உள்ளே வேலை கெட்டுப்போகுமா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். கடைசியில் குழாயை எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது, "போதும்யா, போதும்யா" என்று தெளிவாகவே கேட்டது.

அரை மணி நேரம் கழித்துச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "என்னடி, இன்னும் கூப்பிடவே இல்லையா?" என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, பாட்டிக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். குடல்புண்தான், புற்று மாதிரி எதுவும் இல்லை என்றும் சொன்னார். அந்த நிம்மதியில் நானும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கும்பகோணம் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அம்மாவுக்கு வெந்நீர் ஊற்றும்போது இடது மணிக்கட்டைச் சுற்றி விரல் பதிந்த மாதிரி நீலமாகக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். "எங்கயாவது இடிச்சுக்கிட்டேனா?" என்று என்னையே கேட்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

என் ஓரகத்தி மகள் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பிறகுதான் விஷயமே புரிந்தது. இந்த மாதிரிப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மிடாசோலம் என்ற ஊசியைப் போடுகிறார்கள். அது பயத்தைக் குறைக்கும், கண்ணைச் சொக்க வைக்கும், அதோடு ஊசி ஏறியதிலிருந்து நடப்பது எதுவும் மனதில் பதியாமல் செய்துவிடும். ஆனால் அது வலி மருந்து இல்லை. வலிக்கு வேறு மருந்து சேர்த்துப் போட்டால் உண்டு. அந்த நேரத்தில் ஆள் விழித்திருப்பார், பேசுவார், திரும்பிப் படுங்கள் என்றால் படுப்பார், வலித்தால் கத்தவும் செய்வார். பிறகு கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆக, தெரியாது என்பது வேறு, நினைவிருக்காது என்பது வேறு. என் அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிஷமும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

டாக்டர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. பாதகமில்லை, அம்மாவுக்கே ஞாபகமில்லையே என்று தம்பி சொன்னான். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஞாபகமில்லாததால் அந்த நேரத்து வலி இல்லாமல் போய்விடுமா? வயதானவர்களுக்கு மருந்து அதிகமாகப் போனால் மூச்சு குறைந்துவிடும், அதனால் குறைவாகத்தான் போடுவார்கள் என்று ஓரகத்தி மகள் சொன்னாள், அதுவும் எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் அதையே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே. "பாட்டிக்கு வயசாச்சு, நிறைய மருந்து போட முடியாது, கொஞ்சம் குமட்டும், ஆனா அப்புறம் ஞாபகம் இருக்காது" என்று நாலு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தத்தை நான் வேறு மாதிரிக் கேட்டிருப்பேன்.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம். எல்லாவற்றையும் 'மயக்க ஊசி' என்றே சொல்லிவிடுகிறோம். பல்லைச் சுற்றி மட்டும் மரத்துப்போக வைக்கிறதும் மயக்கம், பேச்சு கொடுத்தால் பதில் சொல்லுகிற அளவுக்குச் சொக்க வைப்பதும் மயக்கம், ஆளைத் தட்டினாலும் எழுந்திருக்காதபடி ஆழ்ந்து தூங்க வைப்பதும் மயக்கம், குழாய் போட்டு மூச்சையே அவர்கள் பார்த்துக்கொள்கிற முழு மயக்கமும் மயக்கம். நோயாளி நாலாவதை நினைத்துக்கொண்டு கட்டிலில் ஏறுகிறார், அங்கே நடப்பது இரண்டாவது. பாதியில் முழிப்பு வந்துவிட்டது, ஊசி வேலை செய்யவில்லை என்று ஊரில் வந்து சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசி சரியாகத்தான் வேலை செய்திருக்கும். அவர்களுக்குச் சொல்லப்படாததுதான் பிரச்சினை.

அம்மா விஷயத்துக்கு அப்புறம் யாரைப் பார்த்தாலும் கேட்க ஆரம்பித்தேன். நூறு நாள் வேலையில் பழக்கமானவர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், சொந்தக்காரர்கள். கேட்டால் போதும், எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது. நல்லதும் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அய்யம்பேட்டையில் என் சின்ன மாமனாருக்குப் பெருங்குடல் பரிசோதனை செய்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து, கையில் ஏறும்போது சுரீரென்று எரிந்தது, ஒன்று இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள், நாலு எண்ணினதுதான் தெரியும், கண் திறந்தால் எல்லாம் முடிந்திருந்தது, இவ்வளவு நல்ல தூக்கம் தூங்கி வருஷக்கணக்கானது என்று சொல்கிறார். அது புரோபோஃபால். அங்கே மயக்க டாக்டர் ஒருவர் தலைமாட்டிலேயே நின்றிருக்கிறார், எரியும் என்று முன்னாலேயே சொல்லியும் இருக்கிறார். சொன்னதால் எரிச்சல் வந்தபோது அவர் பயப்படவில்லை.

அரசு மருத்துவமனையில் ஊசியே இல்லாமல் தொண்டையில் ஸ்பிரே மட்டும் அடித்துக் குழாய் விட்டவர்களையும் பார்த்தேன். அது தப்பான முறை இல்லை, நிறைய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், ஊசியின் ஆபத்தும் அதில் கிடையாது. ஒரு பெண் சொன்னது எனக்கு மறக்காது. ஸ்பிரே கசப்பாக இறங்கியது, தொண்டை மரத்ததும் எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சே நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்துவிடப் பார்த்திருக்கிறாள். ஒரு வயதான நர்ஸ் தோளில் கையை வைத்து, "மூச்சு நிக்காது கண்ணு, மரத்துப்போனதால அப்படித் தெரியுது, எச்சிலை விழுங்காத, வெளிய வழியவிடு, மூக்கால இழு, இப்ப இறங்குது, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே முடித்துவிட்டேன் அக்கா என்றாள். அந்த நர்ஸ் எந்த மருந்தும் கூடுதலாகப் போடவில்லை. ஒன்று மட்டும், ஸ்பிரே அடித்த பிறகு தொண்டைக்கு உணர்வு திரும்புகிற வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை, வெளியே வந்ததும் டீ குடித்து இருமித் தள்ளியிருக்கிறாள்.

பல் விஷயம் எனக்கே நடந்தது. மூன்று வருஷம் முன்பு கீழ்க் கடவாய்ப் பல் சீழ் பிடித்துக் கன்னமெல்லாம் வீங்கிவிட்டது. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், மரக்கவில்லை. வலிக்கிறது என்று கையைக் காட்டினேன். "ஊசி போட்டாச்சும்மா, வலிக்காது, அது அழுத்தம்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மறுபடி ஒரு ஊசி, அதிலும் மரக்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன். நாற்காலியிலிருந்து பாதியில் இறங்கி வந்துவிட்டேன். ஒரு வருஷம் பல் டாக்டர் பக்கமே போகவில்லை, ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டேன்.

பிறகு கும்பகோணத்தில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனபோதுதான் அந்தப் படபடப்புக்கும் காரணம் தெரிந்தது. மரக்கிற மருந்தான லிக்னோகெயினோடு அட்ரினலின் கொஞ்சம் சேர்ந்திருக்கும், மருந்து அங்கேயே தங்குவதற்காக. அது ரத்தத்தில் கலந்தால் கொஞ்ச நேரம் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடங்கிவிடும். நான் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சீழ் கட்டிய இடத்தில் அமிலம் கூடியிருக்கும், அங்கே இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. அது என் கற்பனையும் இல்லை, என் கோழைத்தனமும் இல்லை. அந்த டாக்டரம்மா முதலில் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடியவிட்டார், ஊசி போட்டபின் உதடு மரக்கிற வரை காத்திருந்தார், அப்புறம் என் இடது கையைப் பிடித்து, "இந்தக் கையைத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திடுவேன்" என்றார். சும்மா ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். நிறுத்தினார். அதற்குப் பிறகு நான் தூக்கவே இல்லை. பல்லைப் பிடுங்கி முடித்ததுகூட எனக்கு லேசாகத்தான் தெரிந்தது.

என் அம்மாவுக்கும் அன்றைக்கு ஒரு கை இருந்தது. அதைத்தான் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கையைக் காலைப் பிடிச்சுக்கோங்க" என்று பெற்றவர்களிடமே சொல்லிவிட்டுப் பல் எடுப்பது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. என் அண்ணன் பேரனை நாலு பேர் பிடித்துக்கொண்டோம், நானும் ஒருத்தி. இப்போது அந்தப் பிள்ளை முடி வெட்டுகிற கடையில் சாய்வு நாற்காலியைப் பார்த்தாலே அழுகிறான். மயக்க மருந்தை உலகறியச் செய்ததில் பல் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் 1844-இல் சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடை மூச்சில் இழுத்துக்கொண்டு, இன்னொரு பல் டாக்டரை விட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, 1846-இல், பாஸ்டனில் மார்ட்டன் என்ற இன்னொரு பல் டாக்டர் ஈதர் கொடுத்து, ஊரறிய ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் சிரிப்பு வாயு இன்றைக்கும் குழந்தைகளுக்கு மூக்கில் வைக்கிற முகமூடி வழியாகக் கொடுக்கப்படுகிறது, நிறுத்தியதும் சில நிமிஷங்களில் தெளிந்துவிடும். நம் பக்கத்து ஊர்களில் அது எந்த மருத்துவமனையில் இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதை யாராவது சொன்னால் போதும், பஸ் ஏறிப் போக நாங்கள் தயார்.

நோயாளிகள் பக்கத்துத் தப்புகளும் உண்டு, அதையும் எழுதாமல் விட மனசு வரவில்லை. முதலாவது காபி. வெறும் வயிற்றில் வரச் சொன்னால், இட்லி சாப்பிடவில்லையே, காபி மட்டும்தானே குடித்தேன் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பால் கலந்ததென்றால் அது சாப்பாட்டுக் கணக்குதான். வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கும், உயிருக்கே ஆபத்து. பொதுவாகச் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் பட்டினியோடு வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு போய் வரிசையிலேயே மயங்கி விழுகிறார்கள், அந்த மாத்திரையை அன்றைக்குப் போடலாமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது குடி. வலங்கைமான் பக்கம் ஒருவர், தினமும் குடிக்கிறவர். குடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டபோது மனைவி பக்கத்தில் இருந்ததால் இல்லை என்று சொல்லிவிட்டார். தினம் குடிக்கிறவர்களுக்கு வழக்கமான அளவு மருந்து பிடிக்காது, சிலர் சொக்குவதற்குப் பதில் முரண்டு பிடிப்பார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து குழாயைப் பிடித்து இழுத்திருக்கிறார். டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள், இந்தக் கேள்வியை வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விடுவார்களா என்பதையும் கேளுங்கள், மயக்கத்தில் அவர்களுக்கு மூச்சு அடைக்கும். அதை மட்டும் வீட்டு ஆட்களிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, திரும்பி வருவது. அன்றைக்கு முழுக்க, 24 மணி நேரம், வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. தெளிந்துவிட்ட மாதிரித்தான் இருக்கும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. நம் ஊர்க்காரர் ஒருவர் காலையில் பரிசோதனை முடித்து, டவுனுக்கு வந்ததோடு வந்தது என்று குறுவைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். எவ்வளவு கடன் என்று மாலையில் மனைவி கேட்டால் கையெழுத்துப் போட்டதே அவருக்கு நினைவில்லை. நல்லவேளை, தொகை சரியாக இருந்தது, வழியில் லாரியும் வரவில்லை. நடவு நேரத்தில், அறுப்பு நேரத்தில் துணைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், கிராமத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும். தேதி கொடுக்கும்போதே துணைக்கு ஆள் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் வேறு தேதி கொடுங்கள்.

சின்ன கிளினிக்குகளைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருக்கிறது. டாக்டரின் இரண்டு கையும் வாய்க்குள் இருக்கும்போது நோயாளியின் மூச்சை யார் பார்க்கிறார்கள்? மிடாசோலம் அதிகமாகிவிட்டால் அதை முறிக்க ஃப்ளூமாசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. புரோபோஃபால் என்ற அந்த வெள்ளை மருந்துக்கு முறிவே கிடையாது, அது இறங்குகிற வரை மூச்சைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். "மயக்க டாக்டர் வருவாரா? ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டுவீர்களா? ஆக்சிஜன் இருக்கிறதா?" என்று கேட்பது அவமரியாதை இல்லை. நம் ஆட்கள் டாக்டரிடம் கேள்வி கேட்கக் கூசுகிறார்கள், கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறார்கள். சிலர் கோபித்துக்கொள்ளவும் செய்கிறார்கள், அது மாற வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பரிசோதனைக்காக முழு மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண் மயக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக அவளுக்குப் பதிலாகத் தாய் சம்மதம் சொல்ல முடியாது, அவசர உயிர் ஆபத்து இருந்தால் தவிர என்று நீதிமன்றம் சொன்னது. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆங்கிலத் தாளில் நான் போட்ட கையெழுத்தை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், தினமும் உங்கள் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவள். தமிழில் கொடுத்திருந்தால் அவளே படித்து அவளே போட்டிருப்பாள். அவளிடம் யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெண்கள் சார்பில் ஒன்று. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், ஆண் டாக்டர் ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று உள்ளது. சொக்க வைக்கிற இடத்தில் இது இன்னும் அவசியம். நினைவில்லாத அரை மணி நேரத்தைப் பற்றி ஒரு பெண்ணுக்குப் பிற்பாடு சந்தேகமோ பயமோ வராமல் இருக்க, கூட இருந்தது யார் என்று தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் எல்லா நோயைப் பற்றியும் எழுதுகிறீர்கள். இதைப் பற்றியும் ஒரு மயக்க டாக்டரை எழுதச் சொல்லுங்கள், எந்தப் பரிசோதனைக்கு எது போடுவார்கள், அப்போது நாங்கள் முழித்திருப்போமா, வலித்தால் எப்படிச் சொல்வது என்று. வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி அரைப் பக்கம் இருந்தால் போதும்.

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க அம்மாவுக்கு மறுபடியும் குழாய் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தேதி கேட்டுப் போனபோது அந்த அறைக் கதவைப் பார்த்ததும் அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஏன்னு தெரியலடி, அங்க வேண்டாம்னு இருக்கு" என்றாள். அன்று இரவு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையில் கன்றியிருந்ததைப் பற்றியும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "இந்தத் தடவ நான் கையத் தூக்கினா நிறுத்தச் சொல்லு, முன்னாடியே சொல்லி வை" என்றாள். வருகிற புதன்கிழமை போகிறோம். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அம்மாவே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.